கினுயோ தனாகாவின் ஆறு படங்களையும் திரையிடுங்கள்

திரைப்படச் சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு,



உங்கள் ஆண்டு நிகழ்ச்சிநிரலில் ஜப்பானுக்கு எப்போதும் இடமுண்டு. குரோசவா இல்லாமல் ஒரு வருடம் போவதில்லை. ஓசுவுக்கும் மிசோகுச்சிக்கும் தனித்தனியாக வாரங்கள் ஒதுக்குகிறீர்கள். சொந்தக் காசைப் போட்டு, அரங்குக்கு அலைந்து, நாற்பது பேர் வந்தாலும் நான்கு பேர் வந்தாலும் விளக்கை அணைத்துப் படத்தைத் தொடங்குகிறீர்கள். நீங்கள் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. அந்த நன்றியை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் நெடுநாளாக மனதை அறுக்கும் ஒரு குறையை இனியும் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

கினுயோ தனாகாவை நீங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள். அவர் இயக்கிய படங்களில் ஒன்றைக்கூடக் காட்டியதில்லை.

‘லைஃப் ஆஃப் ஒஹாரு’, ‘உகெட்சு’, ‘சான்ஷோ த பெய்லிஃப்’. 1952, 1953, 1954 என்று அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் வெனிஸ் விழாவில் பரிசு வாங்கிய மிசோகுச்சியின் இந்த மூன்று படங்களையும் நீங்கள் போடாத காலம் இல்லை. மூன்றிலும் இருப்பவர் தனாகா. அரண்மனைப் பணிப்பெண்ணாகத் தொடங்கி, தெருவில் நின்று ஆடவரை அழைக்கும் முதிய பெண்ணாக முடியும் ஒஹாரு அவர். செத்த பிறகும் அடுப்படியில் உட்கார்ந்து கணவனுக்காகக் காத்திருக்கும் மியாகி அவர். சாடோ தீவில் கண்ணிழந்து, பிரிந்துபோன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடும் தாயும் அவர்தான். உங்கள் அரங்குகளில் அந்தக் காட்சிகளின்போது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. படம் முடிந்ததும் கலந்துரையாடல் தொடங்கும். நீண்ட ஷாட் பற்றிப் பேசுவீர்கள். கேமரா எங்கே நின்றது, ஏன் நகர்ந்தது என்று பேசுவீர்கள். அப்படியொரு மாலையில் அறிமுக உரை ஆற்றியவர் அரை மணி நேரம் பேசினார். அந்த நடிகையின் பெயர் அவர் வாயில் ஒருமுறையும் வரவில்லை. பார்வையாளர் ஒருவர் எழுந்து கேட்டபோது, “மிசோகுச்சியின் நடிகை” என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த இரண்டு சொற்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

1909இல் ஷிமோனோசெக்கியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஒசாகாவில் பீவா வாத்தியம் கற்று, சிறுமியர் இசைநாடகக் குழுவில் மேடையேறியவர் தனாகா. 1924இல், பதினான்கு வயதில், ஷோசிகு நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்கு அவர் எவ்வளவு பெரிய சொத்தாகிவிட்டார் என்றால், படத்தின் தலைப்பிலேயே அவர் பெயரைப் போட்டு விற்றார்கள். ‘கினுயோவின் முதல் காதல்’ என்று 1940இல் ஒரு படம் வந்தது. ஜப்பானின் முதல் பேசும்படம் என்று சொல்லப்படும் 1931ஆம் ஆண்டுப் படத்தில் மனைவியாக வந்தவர் அவர். 1938இல் ‘ஐசென் கட்சுரா’ என்ற காதல் படத்தில் குழந்தையோடு தனித்து வாழும் செவிலியாக நடித்தபோது நாடே அவர் பின்னால் திரண்டது. மிசோகுச்சி படத்தில் அவர் முதன்முதலாக நடித்தது 1940இல். அதற்குள் அவர் திரைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓசு, கோஷோ, ஷிமாசு, ஷிமிசு என அத்தனை பேரின் படங்களிலும் நின்று வந்தவரை, ஒருவர் கண்டெடுத்த நடிகை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கினோஷிட்டாவின் ‘ராணுவம்’ படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1944. போருக்கு ஆள் சேர்க்க ராணுவமே எடுக்கச் சொன்ன படம். கடைசிக் காட்சியில் மகன் அணிவகுப்பில் போகிறான். தாய் கூட்டத்துக்குள் புகுந்து, இடிபட்டு, விழுந்து எழுந்து, அவன் முகத்தைத் தேடி ஓடுகிறாள். வசனமில்லை. பெருமிதம் காட்ட வேண்டிய அந்த முகத்தில், பிள்ளையைப் பறிகொடுக்கும் கலக்கத்தைத் தவிர வேறெதையும் தனாகா வைக்கவில்லை. ராணுவத்துக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. போர் முடியும்வரை கினோஷிட்டாவால் அடுத்த படம் எடுக்க முடியவில்லை. இயக்குநரின் துணிச்சல் என்று இதைப் பாடமாக நடத்துகிறோம். நடத்த வேண்டியதுதான். ஆனால் அந்த ஓட்டம் ஒரு நடிகையின் உடம்பில் நிகழ்ந்தது. அதை எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காட்சியைக் கட்டும் அறிவு அவரிடம் அப்போதே இருந்தது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

1949 அக்டோபரில் நல்லெண்ணத் தூதராக அமெரிக்கா போனார். மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது மேற்கத்திய உடை, கறுப்புக் கண்ணாடி, திறந்த காரில் ஊர்வலம். கூடியிருந்தவர்களை நோக்கிக் கையால் முத்தத்தைப் பறக்கவிட்டார். அவ்வளவுதான். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. தோற்ற நாட்டின் பெண் வென்றவனின் பழக்கத்தோடு வந்து இறங்குகிறாள் என்ற கோபம். வயதாகிவிட்டது, அழகு போய்விட்டது என்ற ஏளனமும் சேர்ந்துகொண்டது. அவருக்கு அப்போது நாற்பது வயது. உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அது அவரை நொறுக்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் இயக்கிய முதல் படத்தை இந்தக் காயத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னால் பார்க்க முடிவதில்லை. 1953இல் நருசேயின் ‘அண்ணன் தங்கை’ படத்தில் உதவி இயக்குநராக நின்று வேலை கற்றார். உச்சத்தில் இருந்த நட்சத்திரம் அவர். உதவி இயக்குநராக நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதே ஆண்டு ‘கொய்புமி’, அதாவது ‘காதல் கடிதம்’ வெளிவந்தது. திரைக்கதை எழுதிக் கொடுத்தவர் கினோஷிட்டா. போரிலிருந்து திரும்பிய ஒருவன் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு சந்தில் உட்கார்ந்து, அமெரிக்கச் சிப்பாய்களோடு பழகிய ஜப்பானியப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிறான். சிப்பாய் ஊருக்குப் போய்விட்டான். பணம் அனுப்பச் சொல்லிக் கடிதம். பல ஆண்டுகளாக அவன் தேடிய காதலி மிச்சிகோ ஒரு நாள் அதே கடைக்கு வருகிறாள். அவளும் ஒரு அமெரிக்கனோடு வாழ்ந்தவள். அவன் அவளை வார்த்தையால் குத்துகிறான், இழிவுபடுத்துகிறான், தன் வலியை மட்டுமே நினைத்துப் பேசுகிறான்.

அந்த இடத்தில் தனாகா என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவளுடைய கண்ணீரை விரிக்காமல் அவனுடைய தீர்ப்பை விசாரணைக்கு எடுக்கிறார். போரில் எல்லோருக்கும் பங்கிருந்தபோது இந்தப் பெண்ணைப் பார்த்துக் கல்லெறிய உனக்கு என்ன தகுதி என்ற கேள்வி அவன் நண்பனின் வாய்வழியே வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடே தன்மேல் எறிந்த கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தவர் எடுத்த படம் அது என்று நான் நம்புகிறேன். கடிதம் எழுத வரும் பெண்களில் ஒருத்தியாக அவரே சிறு வேடத்தில் வந்துபோகிறார். 1954இல் கான் விழாவுக்குப் போனது அந்தப் படம்.

இரண்டாவது படம் எடுக்க முனைந்தபோது அதைத் தடுத்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இயக்குநர் சங்கத்தின் தலைமையில் இருந்த மிசோகுச்சி. பத்துக்கு மேற்பட்ட படங்களில் அவர் முன்னால் நின்று தன்னையே தேய்த்துக்கொண்ட நடிகைக்கு இயக்கும் அறிவு இல்லை என்று அவர் கருதினார். அப்போது தனாகாவுக்காக நின்றவர் ஓசு. திரைக்கதையாசிரியர் சைட்டோவோடு சேர்ந்து தான் எழுதிய திரைக்கதையை அவர் கையில் கொடுத்தார். 1955இல் ‘நிலவு எழுந்தது’ வெளியானது. ‘த வுமன் இன் த ரூமர்’ படத்துக்குப் பிறகு மிசோகுச்சியும் தனாகாவும் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. 1956இல் மிசோகுச்சி காலமானார்.

மிசோகுச்சியை ஒதுக்கி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ‘உகெட்சு’ இல்லாத உலகத்தில் இருக்க எனக்கும் விருப்பமில்லை. பெண்களின் துயரத்தை அவரளவு அறிந்த இயக்குநர் இல்லை என்று உங்கள் துண்டறிக்கைகளில் எழுதுகிறீர்களே, அந்த வரியை எழுதும்போது அவர் தனாகாவைத் தடுத்த இந்தச் செய்தியையும் பக்கத்தில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். அவருடைய குழுவிலேயே வேலை பார்த்த தாசுகோ சகானே 1936இல் ஒரு படம் இயக்கினார். ஜப்பானில் கதைப்படம் இயக்கிய முதல் பெண் அவர். போர் முடிந்து ஸ்டூடியோவுக்குத் திரும்பியவரை, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணம் சொல்லி மறுபடி இயக்கவிடவில்லை. தனாகா நுழைந்தது அப்படியொரு தொழிலுக்குள்.

‘நிலவு எழுந்தது’ நாராவில் நடக்கும் இலகுவான குடும்பக் கதை. அதில் ஒரு காட்சிக்காகவே உங்களைக் கெஞ்சலாம். அக்காவுக்குக் காதல் கூட்டிவைக்கத் துடிக்கும் இளையவள், வீட்டுப் பணிப்பெண்ணை வேறு ஆளாகத் தொலைபேசியில் பேச வைக்க ஒத்திகை நடத்துகிறாள். இப்படிச் சொல்லு, இல்லை, மறுபடி சொல்லு என்று படுத்துகிறாள். பணிப்பெண்ணாக நடிப்பவர் தனாகா. கேமராவுக்குப் பின்னால் இயக்குநராக இருப்பவரும் அவரே. இளம் நடிகையிடம் பாடம் கேட்டுத் தடுமாறும் நடிகையாகத் தன்னை வைத்து, ஒரு நடிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே காட்டிவிடுகிறார். இயக்கும் அறிவு இல்லாதவர் இப்படியொரு காட்சியை யோசிப்பாரா?

அதே 1955இல்தான் மூன்றாவது படமும் வந்தது. ‘சிபுசா யோ எய்யென் நாரே’. மார்பகங்கள் என்றென்றும் இருக்கட்டும் என்ற பொருளில் அமைந்த தலைப்பு. ஹொக்கைடோவில் வாழ்ந்து, மார்பகப் புற்றுநோயால் 1954 ஆகஸ்டில் முப்பத்தொரு வயதில் இறந்த தங்கா கவிஞர் ஃபுமிகோ நகாஜோவின் கதை. இறந்த மறு ஆண்டே படமாகிவிட்டது. திரைக்கதை சுமியே தனாகா என்ற பெண். உறவினர் அல்லர், பெயர்தான் ஒன்று. முதல் இரண்டு படங்களையும் நண்பர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதில்தான் தனாகா தன் கதையைத் தானே தேர்ந்தெடுத்து, ஒரு பெண்ணோடு உட்கார்ந்து உருவாக்கினார்.

துரோகம் செய்த கணவனிடமிருந்து மணவிலக்கு வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு கவிதையும் எழுதி வாழும் பெண். இரண்டு மார்பகங்களும் அகற்றப்படுகின்றன. நம் ஊர்ப் படமோ அவர்கள் ஊர்ப் படமோ, இந்த இடத்துக்குப் பிறகு நாயகி தியாகத் திருவுருவாகிவிடுவாள். ஃபுமிகோ ஆகவில்லை. தான் ரகசியமாக நேசித்து, இறந்துபோன மனிதரின் வீட்டுக்குப் போகிறாள். அவர் குளித்த தொட்டியில் தானும் குளிக்க வேண்டும் என்று அவருடைய மனைவியான தன் தோழியிடமே கேட்கிறாள். குளித்துக்கொண்டிருக்கும்போது தன் மார்பின் தழும்பைப் பார் என்று அவளை அழைக்கிறாள். தோழி பதறித் திரும்புகிறாள். ஃபுமிகோவின் குரலில் கொடூரமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, விடுதலையும் இருக்கிறது. சாகப்போகிறவள் என்று தெரிந்து அவள் கவிதைகளைச் செய்தியாக்க வரும் இளம் பத்திரிகையாளன் ஒருவனை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி காதலிக்கிறாள். உடம்பு பாதி போன பிறகு அவளுக்கு ஆசை வருகிறது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை, படமும் வெட்கப்படவில்லை. அவளை நல்லவளாக்கிக் காட்டும் அவசரமே தனாகாவுக்கு இல்லை. 1955இல் எந்த நாட்டில் எந்த இயக்குநர் இதைச் செய்திருக்கிறார் என்று நீங்கள் சொல்லுங்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிணத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஃபுமிகோ பின்னாலேயே நடந்துபோய்ப் பிணவறைக் கதவு சாத்தப்படுவதைப் பார்த்து நிற்கிறாள். அந்தக் காட்சியை நாம் ‘உகெட்சு’வைப் பிரித்துப் பிரித்துப் பேசுவதுபோல உட்கார்ந்து பேச வேண்டும். பேசியிருக்கிறோமா?

‘அலையும் இளவரசி’ 1960இல் வந்தது. வண்ணமும் அகலத்திரையும் கொண்ட பெரிய படம். மஞ்சூரியப் பேரரசன் பூயியின் தம்பிக்கு அரசியல் காரணத்துக்காக மணமுடித்து வைக்கப்பட்ட ஜப்பானியப் பெண்ணாக மச்சிகோ கியோ நடித்தார். 1962இல் வந்த ‘ஒகின்’ தனாகா இயக்கிய கடைசிப் படம். தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூவின் மகளுக்கும் கிறித்தவப் பிரபு ஒருவருக்கும் இடையிலான காதல். நடிகைகள் மூவர் சேர்ந்து தொடங்கிய நின்ஜின் கிளப் தயாரித்தது. இவை இரண்டும் மற்றவற்றுக்கு ஈடானவை என்று நான் வாதிட மாட்டேன். ஆனாலும் போடுங்கள். ஓசுவின் சுமாரான படங்களையும் முழுத் தொகுப்பு என்ற பெயரில் பக்தியோடு பார்க்கிறோம் அல்லவா?

நடுவில் 1961இல் வந்த ‘பெண்கள் மட்டுமே உள்ள இரவு’ பற்றித்தான் உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 1948இல் மிசோகுச்சியின் ‘விமன் ஆஃப் த நைட்’ படத்தில், போருக்குப் பிந்தைய ஒசாகாவில் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்படும் பெண்ணாக நடித்தவர் தனாகா. 1956இல் ஜப்பானில் பாலியல் தொழில் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளியே வரும் குனிகோ மளிகைக் கடையில் வேலைக்குப் போகிறாள், தொழிற்சாலைக்குப் போகிறாள், ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறாள். போகும் இடமெல்லாம் அவளுடைய பழைய வாழ்க்கை முன்னாலேயே போய் நிற்கிறது. அவளைச் சித்திரவதை செய்பவர்களில் பெண்களும் உண்டு. அந்த வேடத்தில் நின்று பார்த்தவர் பதின்மூன்று ஆண்டு கழித்துக் கேமராவுக்குப் பின்னால் வந்து, அதே பெண்களைப் பற்றித் தான் கேட்க நினைத்ததைக் கேட்டிருக்கிறார். இந்த இரண்டு படங்களையும் ஒரே நாளில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் போடுங்கள். கலந்துரையாடலுக்கு நீங்கள் தலைப்பே யோசிக்க வேண்டியிருக்காது.

உங்கள் மறுப்புகளும் எனக்குத் தெரியும். பிரதி கிடைக்காது என்பீர்கள். முன்பு அது உண்மை. இப்போது இல்லை. 2021இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் ‘நிலவு எழுந்தது’ புதுப்பித்த பிரதியாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு லியோன் நகரத்து லூமியேர் விழாவில் ஆறு படங்களும் காட்டப்பட்டன. 2022இல் பிரான்சில் அவை திரையரங்குகளுக்கே வந்தன. உரிமைகள் நிக்கட்சு, ஷோசிகு என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கும், உண்மைதான். கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். இதைவிடக் கடினமான படங்களுக்கெல்லாம் நீங்கள் எழுதி வாங்கியிருக்கிறீர்கள்.

மார்ச் 8ஆம் தேதிக்கு ஒன்று போட்டுவிடலாம் என்றும் சொல்வீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மகளிர் தினத்துக்கு ஒரு படம் என்று ஒதுக்கிவிட்டால், மற்ற பதினொரு மாதமும் இயக்குநர் என்றால் ஆண் என்ற பழைய ஏற்பாடு அப்படியே இருக்கும். தனாகாவை ஓசு வாரத்துக்கும் நருசே வாரத்துக்கும் பக்கத்தில், அதே அளவு நாட்களோடு வையுங்கள்.

நடிகைகள் படம் இயக்கியது நமக்கொன்றும் புதிதல்ல. தனாகா ‘காதல் கடிதம்’ எடுத்த அதே 1953இல்தான் பானுமதி ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். அவரையும் நடிகை, பாடகி என்று முடித்துவிட்டு இயக்குநர் என்பதைக் கடைசியில் ஒட்டுகிறோம். ஜப்பானியருக்கு நாம் செய்யும் அநியாயம் வீட்டில் பழகியதுதான்.

இயக்கிய காலத்திலும் அதை நிறுத்திய பிறகும் தனாகா நடிப்பதை விடவில்லை. 1958இல் கினோஷிட்டாவின் ‘நராயாமா’வில், தன்னை மலையில் கொண்டுபோய் விடச் சொல்லும் கிழவிக்காகத் தன் முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டவர் என்று சொல்வார்கள். அந்தச் செய்தியை நீங்கள் ஒவ்வொரு முறையும் வியந்து சொல்கிறீர்கள். 1974இல் கெய் குமாயின் ‘சண்டாகன் எண் 8’ படத்தில், சிறுவயதில் போர்னியோவுக்கு விற்கப்பட்டு முதுமையில் ஊர் ஒதுக்கத்தோடு வாழும் ஒசாகியாக நடித்தார். மறு ஆண்டு பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. 1977இல் மூளைக் கட்டியால் இறந்தார். சுமார் 250 படங்களில் நடித்தவர். பற்களைப் பிடுங்கிக்கொண்ட அர்ப்பணிப்பைச் சொல்லும் நாம், அதே மனுஷி அந்த ஆண்டுக்குள் மூன்று படங்களை இயக்கி முடித்திருந்தார் என்று ஏன் சொல்வதில்லை? அவர் தன் உடம்பைக் கொடுத்ததை மட்டும் போற்றி, தன் கண்ணால் பார்த்துச் சொன்னதை விட்டுவிடுகிறோம். இது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஆகவே இதுதான் என் வேண்டுகோள். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிநிரலில் ஆறு படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே போடுங்கள். ஒரே சங்கத்தால் முடியாவிட்டால் சென்னை, கோவை, மதுரை, திருச்சிச் சங்கங்கள் சேர்ந்து ஒரே பிரதியைச் சுற்றுக்கு விடுங்கள். ஆங்கில வசன வரிகளைத் தொடர முடியாமல் எழுந்துபோகும் பெண்களை நான் உங்கள் அரங்குகளில் பார்த்திருக்கிறேன். ‘சிபுசா யோ எய்யென் நாரே’வையும் ‘பெண்கள் மட்டுமே உள்ள இரவை’யும் தமிழ் வசன வரிகளோடு காட்ட வேண்டும். உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கித் தாருங்கள், அந்த வேலையை என்னைப் போன்ற ஆர்வலர்கள் ஊதியமில்லாமல் செய்து தருகிறோம். ‘லைஃப் ஆஃப் ஒஹாரு’வை அடுத்து எப்போது போட்டாலும், அதற்கான துண்டறிக்கையில் கினுயோ தனாகா என்ற பெயருக்குப் பக்கத்தில் நடிகை, இயக்குநர் என்று இரண்டையும் அச்சிடுங்கள். முதல் திரையிடலுக்கான தேதியை முடிவுசெய்து எழுதுங்கள். நாற்காலி போடவும் நுழைவாயிலில் நிற்கவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்